கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி

ரோஸ் ஹில், மொரீஷியஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ லியோன் நகரத்துக்குப் போகும்போது கட்டிலுக்கு அடியில் விட்டுப்போன பெட்டியைத் திறந்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் திறந்தது தப்புதான். பெட்டியில் பதினேழு புத்தகங்கள். இதுவரை பதினொன்று படித்து முடித்திருக்கிறேன்.

முதல் நாலைந்துக்கு பிரவுன் பேப்பரில் அட்டை போட்டேன். உனக்கும் அண்ணனுக்கும் வருஷா வருஷம் போட்ட கை, மடிப்பு பிசகாமல் வந்தது. மெட்ரோவில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கண்ணில் தலைப்பு பட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான். இப்போது அட்டை போடுவதில்லை.

நீ ஒரு பெண்ணை நேசிப்பதாக என்னிடம் சொன்ன ராத்திரி நான் கேட்ட முதல் கேள்வி, "அத்தைக்குத் தெரியுமா?" என்பது. நீ அழுதாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் எழுந்து போனேன். அடுப்பில் பாலே இல்லை. உனக்கும் அது தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு உன்னைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று, யாரிடமும் கேட்காமல் நானாகத் தேடி எடுத்த முதல் புத்தகம் ராட்கிளிஃப் ஹால் எழுதிய 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்'. 1928-இல் லண்டன் நீதிமன்றம் ஆபாசம் என்று சொல்லி அழிக்க உத்தரவிட்ட நாவல். அதில் ஒருத்தி, தான் நேசிக்கும் பெண்ணாவது நன்றாக இருக்கட்டும் என்று அவளை ஒரு ஆணிடம் தானே தள்ளிவிட்டுத் தனியாக நிற்பாள். படித்துவிட்டு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பெண்ணுக்கும் இதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். போனில் "நல்லா யோசிச்சுக்கோ" என்று விடாமல் உன்னை நச்சரித்தது அந்த வருஷம்தான்.

பெட்டியில் முதலில் கைக்கு வந்தது பாட்ரீசியா ஹைஸ்மித்தின் 'கரோல்'. 1952-இல் வேறு தலைப்பில், க்ளேர் மார்கன் என்ற புனைபெயரில் வந்த நாவல். அதில் தன் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள அந்த அம்மாவுக்கு 1990 வரை ஆகியிருக்கிறது. கடையில் வேலை செய்யும் சின்னப் பெண்ணும் ஒரு குழந்தைக்குத் தாயானவளும் நேசிக்கிறார்கள். கடைசியில் யாரும் சாகவில்லை. சாவு எங்கே என்று நான் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தக் காலத்து அமெரிக்க மலிவுப் பதிப்புகளில் இப்படிப்பட்ட கதை என்றால் முடிவில் ஒருத்தி சாக வேண்டும், இல்லை புத்தி பேதலிக்க வேண்டும், இல்லை ஒரு ஆணோடு போய்விட வேண்டும். சந்தோஷமாக முடித்தால் தபாலில் அனுப்பும்போது ஆபாசம் என்று பிடித்துவிடுவார்கள் என்று பதிப்பாளர்களுக்குப் பயமாம். ஹால் எழுதியது அதற்கெல்லாம் முன்னால், அது வேறு. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தபாலாபீசுக்குப் பயந்து எழுதின முடிவுகளும் சேர்ந்துதானே ஊர் வாயில் தலையெழுத்து என்று ஆகியிருக்கிறது? அதை வைத்துக்கொண்டு நான் உன்னைப் பயமுறுத்தியிருக்கிறேன்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்திணை நடத்தும்போது நான் சொல்வதை நீயே கேட்டிருக்கிறாய். அன்பு ஒன்றுதான், குறிஞ்சியில் கூடும், முல்லையில் காத்திருக்கும், மருதத்தில் ஊடும், நெய்தலில் இரங்கும், பாலையில் பிரியும். உன்னைப் போன்ற பெண்களைப் பற்றி நான் படித்தது பாலை மட்டும். மற்றத் திணைகளெல்லாம் உன் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கின்றன.

சாரா வாட்டர்ஸின் 'ஃபிங்கர்ஸ்மித்'தை இரண்டு ராத்திரியில் முடித்தேன். விக்டோரியா காலத்து லண்டன், திருட்டுக் கும்பலில் வளர்ந்த பெண் ஒரு பணக்காரப் பெண்ணை ஏமாற்ற வேலைக்காரியாகப் போகிறாள். முதல் பாகம் முடிகிற இடத்தில் "ஐயோ!" என்று கத்திவிட்டேன். அப்பா எழுந்து வந்து என்னவோ ஏதோ என்று விளக்கைப் போட்டார். அதில் ஒரு இடம். எஜமானிக்கு ஒரு பல் கூராக இருந்து வாயை உறுத்துகிறது. இவள் தைக்கும்போது விரலில் மாட்டும் உறையை மாட்டிக்கொண்டு, அவளுடைய தாடையைப் பிடித்து, அந்தப் பல்லை மெல்லத் தேய்த்துவிடுகிறாள். அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்கிறது. கூற்று ஏதும் இல்லாமல் ஒரு சைகையில் எல்லாம் சொல்லிவிடுகிற அகப்பாட்டுகள் உண்டே, அந்த ஜாதி எழுத்து.

'கார்மில்லா' எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1872-இல் வந்தது, டிராகுலாவுக்கு இருபத்தைந்து வருஷம் மூத்தது, பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்ணை நேசிக்கிறவள் ரத்தம் குடிக்கிற பேயாகத்தான் இருக்க வேண்டுமா? டாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' எனக்கு நிம்மதியைக் கொடுத்தது. இளவரசியும் பணிப்பெண்ணும் நேசிக்கிறார்கள், ஆனால் அவர்களுடைய கவலை அது அல்ல. எதிரே ஒரு பேரரசு நிற்கிறது. காலத்தில் முன்னும் பின்னும் போய் இரண்டு எதிரிகள் கடிதம் எழுதிக்கொள்ளும் கதை பாதி புரியவில்லை, கடிதங்கள் மட்டும் மனசில் நின்றன. திருட்டு, பேய், போர் என்று எதற்குள் வைத்தாலும் இந்தப் பெண்களுக்கு வேறு வேலை இருக்கிறது, கோபம் இருக்கிறது, பசி இருக்கிறது. நான் உன்னைப் பற்றி அந்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் எத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்!

ஆனந்தா தேவியின் 'இந்தியன் டாங்கோ'வை மட்டும் மெதுவாகப் படித்தேன். நம் தீவில் பிறந்தவர் எழுதியது, 2007-இல் வந்தது. டெல்லியில் ஐம்பத்திரண்டு வயதுக் குடும்பப் பெண், அவளை ஈர்ப்பது இன்னொரு பெண். அவளுடைய சமையலறை எனக்குத் தெரிந்த சமையலறை. படித்துக்கொண்டிருக்கும்போதே என்னோடு படித்த ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். கல்யாணத்துக்கு முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பயம் என்று நினைத்துக்கொண்டேன். அவளைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

நீ சொன்னபோது என்னிடம் தமிழில் ஒரு நல்ல சொல் இல்லை. வாழ்நாளெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது பெரிய குறை. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் தமிழ்நாட்டு அரசு 2022-இல் உன்னைப் போன்றவர்களைக் குறிக்க ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. அதில் 'பால்புதுமையர்' என்று இருக்கிறது. வாய்க்கு நன்றாக வருகிறது. 'புதுமை' என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பெண்களை நேசித்துப் பாடிய கிரேக்கக் கவிஞர் சாஃபோ, அவர் பாடி இரண்டாயிரத்து அறுநூறு வருஷம் ஆகிறது. அவருடைய பாட்டில் முழுசாக மிஞ்சியது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் கிழிந்த துண்டுகள். செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா. மாதிரி ஒருவர் அவருக்கு உரிய காலத்தில் கிடைக்கவில்லை.

2023 அக்டோபர் 4-ஆம் தேதி நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே, ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கிய 250-ஆம் பிரிவைப் பற்றி. ஆண்களைப் பற்றிய வழக்குதான். ஆனாலும் அன்று சாயங்காலம் உனக்கு போன் செய்யலாம் என்று எடுத்து, வைத்துவிட்டேன். அதற்கும் சேர்த்து இந்தக் கடிதம்.

காவடிக்கு வருவாய்தானே? இரண்டு பேருமாக வாருங்கள். போன கடிதத்தில் 'உன் சிநேகிதி' என்று எழுதினேன், அதை அடித்துவிடு. விரதம் முடிந்ததும் ஏழு கறி வைத்து இலை போடுகிறேன். அவளுக்குக் காரம் ஆகுமா என்று எழுது.

பெட்டியில் இன்னும் ஆறு பாக்கி. ஐந்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பச்சை அட்டை போட்ட ஒன்றின் முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில் உனக்கு ஏதோ எழுதியிருக்கிறது. பார்த்ததும் மூடிவிட்டேன், ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அந்தப் புத்தகத்தை நான் படிக்கலாமா என்று அவளிடம் கேட்டுச் சொல்.

உன் அம்மா