பாடம் சொல்லித்தரும் செவிலியரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் செவிலியர் வேலைவாய்ப்பு பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில், 'லேர்னிங் டிஸெபிலிட்டி நர்ஸ்' என்பவர் எழுதப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு உதவுபவர் என்று இருந்தது. பதினான்கு ஆண்டுகளாக அந்த வேலையில்தான் இருக்கிறேன். ஒரு பிள்ளைக்கும் இதுவரை எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்ததில்லை.

இந்தியாவில் 'லேர்னிங் டிஸெபிலிட்டி' என்ற சொல், டிஸ்லெக்சியா போன்ற எழுதப் படிக்கத் திணறும் நிலைகளைக் குறிக்கும். பிரிட்டனில், புரிந்துகொள்வதற்கும் அன்றாட வாழ்வுக்கும் துணை தேவைப்படும் அறிவுசார் குறைபாட்டை. அயர்லாந்தில் இதே பணிக்கு 'இன்டலெக்சுவல் டிஸெபிலிட்டி நர்ஸ்' என்று பெயர் வைத்துத் தப்பித்துக்கொண்டார்கள்.

பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், எங்களுடையது எனச் செவிலியப் பதிவில் இங்கே நான்கு துறைகள். படிப்பில் சேரும்போதே துறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 1979-இல் அரசு அமைத்த ஜே குழு, இந்தப் பணியைச் செவிலியத்திலிருந்து பிரித்துச் சமூகப் பராமரிப்பில் சேர்க்கச் சொன்னது. அது நடக்கவில்லை. ஆனால் சீருடை அணியாமல் வார்டுக்குள் போனால், "நீங்கள் இவருக்குத் துணைக்கு வந்தவரா?" என்று சக செவிலியரே இன்றும் கேட்கிறார்கள்.

பேச்சு வராத ஒருவர். நாற்பதைத் தாண்டியவர். திடீரென்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தொடங்கினார். அவர் தங்கியிருந்த இல்லத்தின் குறிப்பேட்டில் 'முரட்டுத்தனம்' என்று எழுதி, அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கூட்டக் கேட்டிருந்தார்கள். நான் இரண்டு வேளை அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வலது பக்கமாகவே மென்றார். தேநீரை நன்றாக ஆறவிட்டுத்தான் தொட்டார். பல் மருத்துவர் பார்த்தபோது இடது கடைவாய்ப் பல்லடியில் சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்கிய மறுவாரம் அறைவது நின்றது. நமக்குப் பல்வலி வந்தால் ஊரைக் கூட்டிவிடுவோம். அவருக்குக் கைதான் வாய்.

எதைக் கண்டாலும் 'அவர் குறைபாடு அப்படி' என்று விட்டுவிடுவதில் வலிப்பும் மலச்சிக்கலும்கூட உயிரைக் குடிக்கின்றன. இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். இந்த இடத்தில்தான் எங்கள் வேலை. இதைச் செவிலியம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

சிறு திருத்தம் ஒன்று வெளியிட்டால் நல்லது. கட்டுரையைப் படித்துவிட்டு என் அக்கா தொலைபேசியில் கேட்டார்: "நர்ஸ் வேலை என்று சொல்லித்தானே போனாய், எப்போது டீச்சர் ஆனாய்?"

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லெஸ்டர், இங்கிலாந்து