வைத்தியசாலை விடுதிகளில் மருந்து வழங்கலைப் பாதுகாப்பாக்கக் கோரும் மனு: இன்சுலின் சிறிஞ்சு முதல் இரவுக் கடமை வரை

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
யாழ்ப்பாணம்.

அனுப்புநர்:
யாழ். மாவட்ட ஆதார, பிரதேச வைத்தியசாலைகளில் கடமையாற்றும், கீழே கையொப்பமிட்டுள்ள தாதிய உத்தியோகத்தர்கள்.

ஐயா / அம்மணி,

எந்த விடுதிக்குப் போனாலும் மருந்து ட்ரொலிக்கு மேலே சுவரில் ‘ஐந்து சரி’ ஒட்டியிருக்கும்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். அதைப் பாடமாக்கிக்கொண்டுதான் எல்லோரும் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளியே வருகிறோம். பிழை ஒன்று நடந்த பின் வரும் கடிதமும் அதையே சொல்லும்: ‘இனிமேல் கவனமாக இருக்கவும்.’ கவனம் வேண்டும்தான். ஆனால் 30 கட்டில் விடுதியில் ஆளுக்கு 5 மருந்து என்று வைத்தால், காலைச் சுற்றில் மட்டும் 150 தடவை மருந்து கொடுபடுகிறது. ஒன்றுக்கு ஒரு நிமிடம் பிடித்தாலும் இரண்டரை மணித்தியாலம். அவ்வளவு நேரமும் ஒரு மனித மூளையின் கவனத்தை மட்டும் நம்பி நடக்கும் வேலை எங்காவது வழுக்கத்தான் செய்யும். எந்தெந்த இடத்தில் வழுக்கும் என்பது ட்ரொலி தள்ளுகிற எமக்குத் தெரியும். அவற்றில் பலவற்றைப் பெரிய செலவில்லாமல் அடைக்கலாம் என்பதாலேயே இம்மனுவை எழுதுகிறோம்.

முதலில் இன்சுலின். வைத்தியசாலையில் பாவிக்கும் குப்பி மில்லிலீற்றருக்கு 100 அலகு கொண்டது. ஆனால் சிறிஞ்சில் இரண்டு வகை உண்டு. செம்மஞ்சள் மூடி போட்டது 100 அலகுக் குப்பிக்கு; சிவப்பு மூடி போட்டது 40 அலகுக் குப்பிக்கு. மூடியைக் கழற்றி எறிந்துவிட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். வைத்தியர் 20 அலகு எழுதுகிறார். சிவப்பு மூடிச் சிறிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லிலீற்றர். 100 அலகுக் குப்பியில் அது 50 அலகு, அதாவது இரண்டரை மடங்கு. தாதி குப்பியையும் பார்த்தார், கோட்டையும் பார்த்தார், இருபதும் சரி. விடியப்புறம் நோயாளி வியர்த்து மயங்கிக் கிடக்கிறார். மறுபக்கமாகவும் இது நடக்கும். இந்தியாவில் 40 அலகுக் குப்பி இன்றும் பரவலாக விற்பனையில் உள்ளது. சென்னையிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொண்டுவந்து கொடுத்த குப்பியிலிருந்து 100 அலகுச் சிறிஞ்சில் 20 கோடுவரை எடுத்தால் உடம்புக்குள் போவது வெறும் 8 அலகு. சீனி இறங்கவில்லை என்று மறுநாள் அளவைக் கூட்டுவார்கள். பிறகு விடுதிக் குப்பிக்கு மாறும்போது அந்தக் கூட்டிய அளவே ஆளை விழுத்தும்.

ஆகவே 40 அலகுச் சிறிஞ்சு எந்த விடுதியிலும், எந்தக் களஞ்சியத்திலும் இருக்கக் கூடாது என்று தாங்கள் பணிக்க வேண்டும். கையிருப்பு முடிந்து உறவினரை வெளியே வாங்கச் சொல்லும் நாட்களில் துண்டில் ‘இன்சுலின் சிறிஞ்சு’ என்று மட்டும் எழுதாமல் ‘100 அலகு, செம்மஞ்சள் மூடி’ என்று எழுதுவதும் கட்டாயமாக வேண்டும். இத்துடன் இன்னொன்று. தெளிவான இன்சுலின் குறுகிய நேரத்துக்கு, கலங்கல் நீண்ட நேரத்துக்கு என்று பழைய பாடம் ஒன்று உண்டு. கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின் வந்த பின் அது பொருந்தாது. அதுவும் தண்ணீர்போலத் தெளிவானது. வேலை செய்வதோ ஏறத்தாழ 24 மணித்தியாலம். குறுகிய நேர இன்சுலினான சொலியுபிள் குப்பியையும் கிளார்ஜின் குப்பியையும் ஒரே தட்டில் வைக்கும் வழக்கம் நிற்க வேண்டும்.

இரண்டாவது, பொற்றாசியம் குளோரைட் அம்பியூல். 15 வீதக் கரைசல், 10 மில்லிலீற்றர். உள்ளே 20 மில்லிமோல். பக்கத்தில் இருக்கும் ஊசிக்கான தண்ணீரும் 10 மில்லிலீற்றர், அதே உயரம், அதே தெளிவு. அன்ரிபயோட்டிக் தூளைக் கரைக்க அவசரத்தில் கை நீள்கிறது. தண்ணீருக்குப் பதில் பொற்றாசியம் நேராக நாளத்துக்குள் போனால் சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். அதைத் திருத்த இரண்டாவது சந்தர்ப்பம் கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் இதுபோன்ற செறிவான மின்பகு கரைசல்களைப் பொது விடுதிகளிலிருந்து அகற்றும்படி பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. எமது விடுதிகளிலிருந்து முழுதாக அகற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். வயிற்றோட்டத்தோடு வரும் நோயாளிக்கு இரவு இரண்டு மணிக்கு அது தேவைப்படும், அந்நேரம் மருந்தகம் பூட்டியிருக்கும். குறைந்தது ஒவ்வொரு விடுதியிலும் தனிப் பூட்டுள்ள சிவப்புப் பெட்டி ஒன்றும், அதற்குள் எண்ணி வைத்த நான்கைந்து அம்பியூலும், எடுத்தவர் கையொப்பமிடும் சிறு கொப்பியும் போதும். ஒவ்வொரு அம்பியூலிலும் ‘கலக்காமல் ஏற்றக் கூடாது’ என்று தமிழிலும் சிங்களத்திலும் சிவப்பு ஸ்ரிக்கர் ஒட்டியே களஞ்சியத்தை விட்டு வெளியே வர வேண்டும்.

கலக்கும் முறையிலும் எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் சேலைனுக்குள் பொற்றாசியத்தைக் குத்தினால் அது கனமானதால் அடியில் தங்கி, முதல் சொட்டுகளிலேயே செறிவாக இறங்கும். சேலைனைக் கழற்றி, சேர்த்து, குறைந்தது 10 தடவை தலைகீழாகப் புரட்டிய பின்னரே தொங்கவிட வேண்டும். 500 மில்லிலீற்றரில் ஒரு அம்பியூல் என்றால், இதயக் கண்காணிப்பு இல்லாத விடுதியில் மணித்தியாலத்துக்கு 10 மில்லிமோலுக்கு மேல் போகாமல் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது ஏற்ற வேண்டும். 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர் ஆகும் சாதாரண சேலைன் செற்றில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 83 சொட்டு, அதுதான் உச்சம். பம்ப் இல்லாத விடுதியில் இந்தக் கணக்கைக் கைக்கடிகாரத்தைப் பார்த்து மனதில் போட வேண்டியிருக்கிறது. சுவரில் ஒரு அட்டவணை இருந்தால் போட வேண்டியதில்லை.

அந்த அட்டவணையிலேயே மற்ற நாள ஊசி மருந்துகளையும் சேர்க்கலாம். வலிப்புக்கான பெனிற்றோயினைச் சேலைனில் மட்டுமே கலக்க வேண்டும், டெக்ஸ்ரோஸில் கலந்தால் படிந்துவிடும். நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அன்ரிபயோட்டிக்கான வான்கோமைசின் 1 கிராம் 100 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். செப்ட்ரியாக்சோனை ஹாட்மன் கரைசலோடு ஒரே குழாயில் ஏற்றக் கூடாது, அதிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து படியும். ஒரு பக்கத்தில் அச்சடித்து லெமினேற் செய்து மருந்து தயாரிக்கும் மேசைக்கு மேலே ஒட்டினால் வேலை முடிந்தது.

மூன்றாவது விடயத்துக்குப் பணம் தேவையில்லை, உத்தரவு மட்டும் தேவை. மருந்துச் சுற்று நடக்கும்போது தாதியைக் கூப்பிடாத ஏற்பாடு ஒன்று வேண்டும். தொலைபேசி அடிக்கிறது, பார்வையாளர் ‘மிஸ், அம்மாவுக்குச் சேலைன் முடிஞ்சுது’ என்கிறார், எக்ஸ்ரேக்கு ஆளை அனுப்பச் சொல்லி வைத்தியர் கூப்பிடுகிறார். 2010இல் வெளியான, அவுஸ்திரேலியாவின் இரண்டு போதனா வைத்தியசாலைகளில் தாதியரின் பக்கத்தில் நின்று கணக்கெடுத்த ஆய்வொன்று, ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்து கொடுப்பதில் செய்முறைத் தவறு 12.1 வீதமும் மருத்துவ ரீதியான பிழை 12.7 வீதமும் கூடுவதாகக் கண்டது. காலை மாலைச் சுற்று வேளைகளில் தொலைபேசிக்குப் பதில் சொல்லவும் உறவினரிடம் பேசவும் ஒரு சுகாதாரப் பணி உதவியாளரைக் குறித்து ஒதுக்க வேண்டும். மருந்து கொடுப்பவர் பளிச்சென்ற நிற ஏப்ரன் ஒன்று கட்டிக்கொள்ளலாம். அதைக் கட்டியிருப்பவரை உயிர் போகும் அவசரம் தவிர வேறெதற்கும் கூப்பிடுவதில்லை என்பது வைத்தியர் உட்பட எல்லோருக்கும் பொதுவான விதியாக வேண்டும். இந்த ‘வைத்தியர் உட்பட’ என்பதற்குத்தான் தங்கள் கையொப்பம் தேவை. தாதி சொன்னால் அது எடுபடாது.

நோயாளியை அடையாளம் காண்பதில் எமது ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். சுருக்கி எழுதினால் ஒரே விடுதியில் இரண்டு ‘க. செல்வராசா’ வந்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவருக்கே மூன்று எழுத்துக்கூட்டல். கிளினிக் கொப்பியில் ஒன்று, பி.எச்.ரியில் (கட்டில் தலைச்சீட்டில்) இன்னொன்று, ஆய்வுகூட அறிக்கையில் வேறொன்று. இதற்கு மேல், ‘நீங்கள் செல்வராசாதானே?’ என்று கேட்டால் காது மந்தமான ஐயா எவரும் ‘ஓம் பிள்ளை’ என்றுதான் சொல்வார். ‘உங்கட முழுப்பெயர் என்ன, எந்த ஊர்?’ என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வைத்து, பி.எச்.ரி. இலக்கத்தோடும் ஒத்துப்பார்க்க வேண்டும். தென்பகுதியிலிருந்து வந்து இங்கே சேவையாற்றும் சகோதர மொழித் தாதியருக்கு இந்த இரண்டு கேள்வியையும் சிங்கள எழுத்தில் தமிழ் உச்சரிப்போடு அச்சடித்த ஒரு சட்டைப்பை அட்டை கொடுத்தால் பேருதவி. நினைவில்லாத நோயாளிக்கும் பிள்ளைகளுக்கும் கைப்பட்டி வேண்டும். பிளாஸ்திரியில் எழுதி ஒட்டுவதைக் கைப்பட்டி என்று எண்ணக் கூடாது. வியர்வைக்கு அது அரை நாள் நிற்காது.

எழுத்தைப் பற்றிச் சுருக்கமாக. ‘அலகு’ என்பதற்கு ஆங்கிலத்தில் U என்று ஒற்றை எழுத்துப் போட்டால் அது பூச்சியமாகத் தெரியும். 10 அலகு 100 ஆகும். 5.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 50. வெறும் .5 என்றால் 5. மைக்குரோகிராமைக் குறியீட்டில் எழுதினால் மில்லிகிராமாக வாசிக்கப்படும், அது ஆயிரம் மடங்கு. மெதொற்றெக்சேற் மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரு தடவை மட்டும். மருந்து அட்டையில் நாள்வாரிக் கட்டம் இருப்பதால் தினமும் கொடுபட்டுவிடும் ஆபத்து உண்டு. கொடுக்கும் நாள் எது என்று எழுதி மற்ற ஆறு கட்டங்களையும் வைத்தியரே வெட்டிவிட வேண்டும். ஒவ்வாமை, நிறை ஆகிய இரண்டுக்கும் மேலே இடம் விட்டு அச்சடித்த ஒரே மாதிரி மருந்து அட்டை மாவட்டம் முழுவதற்கும் வேண்டும்.

பிள்ளைகள் விடுதிக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஜென்ராமைசின் 2 மில்லிலீற்றரில் 80 மில்லிகிராம். குழந்தைக்கு 15 மில்லிகிராம் என்றால் 0.375 மில்லிலீற்றர், 2 மில்லிலீற்றர்ச் சிறிஞ்சில் அப்படி ஒரு கோடே இல்லை. 6 மில்லிலீற்றர் சேலைன் சேர்த்து மொத்தம் 8 ஆக்கினால் மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம், 1.5 எடுத்தால் சரி. சிலர் இப்படி, சிலர் 1 மில்லிலீற்றர்ச் சிறிஞ்சில் நேராக. இரண்டும் சரிதான், ஆனால் ஒரே விடுதியில் இரண்டு முறையும் ஓடுவதுதான் ஆபத்து. பாணி மருந்துக்கு, நாளத்தில் போட்டிருக்கும் கனுலாவில் பொருந்தாத வாய்ச் சிறிஞ்சு தாருங்கள். சாதாரண சிறிஞ்சில் எடுத்து வைத்த பரசிற்றமோல் பாணி கனுலாவுக்குள் போக ஒரு நொடி தவறினால் போதும்.

இனி இரவு. இன்சுலின், ஹெப்பாரின், மோர்பின், பொற்றாசியம், பிள்ளைகளின் நாள ஊசி ஆகியவற்றை இருவர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஹெப்பாரின் 5 மில்லிலீற்றர்க் குப்பியில் 5,000 அலகும் வரும், 25,000 அலகும் வரும் என்பதை நினைத்தால் விதியின் நியாயம் விளங்கும். பிரதேச வைத்தியசாலையில் இரவில் ஒரே தாதி. இரண்டாவது ஆள் யார்? நெடுந்தீவில், குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வரும் படகு நின்ற பின் வெளியிலிருந்து எவரும் வரவும் முடியாது. இருவர் உள்ள இடத்திலும் ‘இது 20 அலகுதானே, ஒருக்காப் பாருங்கோ’ என்று நீட்டினால் மற்றவர் தலையாட்டுவார். அது சரிபார்ப்பு ஆகாது. விடையைச் சொல்லாமல் அட்டையையும் குப்பியையும் கொடுத்து அவரைத் தனியாகக் கணக்குப் போட விட வேண்டும். இந்த ஐந்து வகை மருந்துக்கும் இரவில் இரண்டாவது கையொப்பம் கடமையிலுள்ள வைத்திய அதிகாரியுடையது என்று எழுத்தில் பணிக்கும்படி கேட்கிறோம். அழைத்தால் வர வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். தொலைபேசியில் மருந்து சொன்னால் தாதி எழுதி, திருப்பி வாசித்து, ‘சரி’ என்ற பின்னரே கொடுக்கவும், வைத்தியர் 24 மணித்தியாலத்துக்குள் கையொப்பமிடவும் வேண்டும்.

குளிரூட்டி பற்றியும் ஒரு சொல். சித்திரை வெயிலில் மின்சாரம் போனால் இன்சுலின் எவ்வளவு கெடுமோ, உறைபெட்டிக்குப் பக்கத்தில் வைத்த இன்சுலினும் அவ்வளவு கெடும். உறைந்தது உருகினாலும் உதவாது. 2 முதல் 8 பாகை செல்சியசுக்கான வெப்பமானி ஒன்றும், காலை மாலை எழுதும் தாளும் தாருங்கள்.

கடைசியாக, பிழையை அறிவிக்கும் படிவம். இப்போது பிழையை எழுதினால் முதலில் வருவது விளக்கக் கடிதம் கேட்கும் கடிதம். அதனால் நோயாளிக்கு ஒன்றும் ஆகாத பிழைகள் எழுதப்படுவதே இல்லை. அடுத்த தடவை அதே பிழைதான் ஆளைக் கொல்லும். பெயர் கேட்காத ஒற்றைப் பக்கப் படிவம் போதும்: எந்த மருந்து, எந்தப் படியில், என்ன நேரம், எத்தனை நோயாளி, எத்தனை தாதியர், அந்நேரம் யார் குறுக்கிட்டது. மாதம் ஒரு தடவை தங்கள் அலுவலகத்தில் மருந்தாளர், வைத்தியர், தாதியர் சேர்ந்து அவற்றைப் பார்க்க வேண்டும். வேண்டுமென்று செய்த குற்றத்துக்கு இதில் விலக்குக் கேட்கவில்லை.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் எதிர்பார்க்கவில்லை. சிறிஞ்சு, சிவப்புப் பெட்டி, குறுக்கீடு, இரவுக் கையொப்பம் ஆகிய நான்கையும் ஒரு ஆதார வைத்தியசாலையின் மருத்துவ விடுதியிலும், தீவகத்திலுள்ள ஒரு பிரதேச வைத்தியசாலையிலும் மூன்று மாதம் நடத்திப் பார்க்க அனுமதி தாருங்கள். அட்டவணையின் வரைவு, மருந்து அட்டையின் மாதிரி, படிவத்தின் மாதிரி ஆகிய மூன்றும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. இதுபற்றித் தங்களோடு பேச எமது பிரதிநிதிகள் நால்வருக்கு ஒரு நேரம் ஒதுக்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
கையொப்பமிட்டுள்ள தாதிய உத்தியோகத்தர்கள்
(கையொப்பப் பட்டியல் இணைப்பில்)

பிரதி: மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், வடக்கு மாகாணம்.