செந்தூலுக்கு நான்கு நிலையங்கள், இணைப்பு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரைச் சுற்றி வரப்போகும் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) வட்டத் தடம் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் அதன் நீளமும் செலவும்தான் தலைப்பாகின்றன. 51 கிலோமீட்டர் தடம் நமக்குத் தேவைதான், மனமார வரவேற்கிறேன். ஆனால் ஏற்கெனவே போட்ட தடங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடப்பதைப் பற்றி யார் பேசுவது?

கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாயா ரயில்வேயின் பெரிய பட்டறை இருந்த ஊர் இது. அதில் உழைத்த தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். 1995இல் கேடிஎம் (மலாயா ரயில்வே) நிறுவனத்தின் கம்யூட்டர் என்னும் புறநகர் ரயில் வந்தது. 1998இல் செந்தூல், செந்தூல் திமோர் என எல்ஆர்டிக்கு (இலகு ரயிலுக்கு) இரண்டு நிலையங்கள் கிடைத்தன. 2023 மார்ச்சில் எம்ஆர்டியின் புத்ராஜெயா தடத்தில் செந்தூல் பாராட் நிலையம் திறந்தது. ரயில் வசதியில் எங்களுக்குக் குறையே இல்லை என்றுதான் வரைபடத்தைப் பார்ப்பவர் நினைப்பார். ஆனால் கம்யூட்டரில் வந்து இறங்கி எல்ஆர்டிக்கு மாற வேண்டுமானால் தெருவில் இறங்கித்தான் நடக்க வேண்டும். செந்தூல் பாராட்டோ ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்.

தூரம் பெரிதல்ல. பிற்பகல் மழையில் நடந்து பார்த்தால்தான் அது எத்தனை தூரம் என்று தெரியும். தலைக்கு மேல் கூரை கிடையாது. நடைபாதையை மோட்டார் சைக்கிள்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். மூட்டு வலிக்கு மருந்து வாங்கப் போகும் அம்மாக்கள் ஒரு கையில் குடையும் மறு கையில் பையுமாகச் சாலையில் இறங்கி, வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார்கள். இத்தனைக்கும் பெரிய மருத்துவமனைக்கென்றே எம்ஆர்டி நிலையம் இருக்கிறது, தித்திவங்சாவுக்கு அடுத்ததாக. ரயில் ஏறிவிட்டால் சில நிமிடப் பயணம். ஏறுவதற்குள் படும் பாட்டுக்குப் பயந்து பலர் கிராப் வாடகைக் காரை அழைத்துவிடுகிறார்கள்.

ரயிலில் உட்கார்ந்து போகும் ஒரு நிமிடத்தைவிட, நிற்கும் நிமிடமும் நடக்கும் நிமிடமும் பயணிக்கு ஏறக்குறைய இரு மடங்கு நீளமாகத் தெரியும் என்பது போக்குவரத்துத் திட்டமிடுவோர் அறிந்த கணக்கு. அப்படியிருக்க, சில நிமிடங்களுக்கு ஒன்றாக ஓடும் எல்ஆர்டியையும் அரை மணிக்கு ஒன்று, சில வேளை ஒரு மணிக்கு ஒன்று என வரும் கம்யூட்டரையும் ஒரே வரைபடத்தில் ஒரே தடிமனில் கோடாக வரைவது பயணியை ஏமாற்றுவதாகும். ஒரு ரயிலைத் தவறவிட்டவர் மறுநாள் மோட்டார் சைக்கிளை எடுக்கிறார். அதற்குப் பிறகு அவரை ரயிலுக்குத் திரும்ப அழைத்து வருவது எளிதல்ல.

இணைக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். மஸ்ஜித் ஜாமெக்கை நினைத்துப் பாருங்கள். இரண்டு எல்ஆர்டி தடங்கள் அங்கே சந்தித்தன. ஆனால் வெவ்வேறு நிறுவனங்கள் கட்டியவை. ஒன்றிலிருந்து வெளியேறி, மறுபடி டிக்கெட் வாங்கித்தான் மற்றதில் ஏற முடிந்தது. 2002இல் இரண்டையும் அரசு நிறுவனமான பிரசரானா எடுத்துக்கொண்ட பிறகும், 2011 நவம்பரில்தான் அந்தத் தடுப்பு நீங்கியது. அதற்காகப் புதிதாகத் தண்டவாளம் எதுவும் போடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் மோனோரயில் 2003இல் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து முதன்மை ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்குக் கூரைக்குக் கீழே நடந்து போக, பேரங்காடி ஒன்று 2014இல் திறக்கும்வரை காத்திருந்தோம். பொதுப் போக்குவரத்தின் இணைப்பு வழி ஒரு கடைத்தொகுதியின் தயவில் கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கட்டணமும் அப்படித்தான். 50 ரிங்கிட் மாதப் பயண அட்டை ஏழைத் தொழிலாளிக்குப் பெரிய வரம். அதைக் கொண்டுவந்தவர்களைப் பாராட்டுகிறேன். அது எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் கேஎல் பேருந்துகளுக்குச் செல்லும், கம்யூட்டருக்குச் செல்லாது. கம்போங் பத்துவில் கம்யூட்டரிலிருந்து எம்ஆர்டிக்கு மாறுபவர் தனியாகப் பணம் கட்ட வேண்டும். சிங்கப்பூரில் 2010இலேயே பேருந்து, ரயில் எதில் மாறினாலும் மொத்தத் தூரத்துக்கு மட்டும் கட்டணம் என்று ஆக்கிவிட்டார்கள்.

மனம் வைத்தால் நம்மாலும் முடியும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு இரவு பகலாகக் கம்யூட்டர் ஓடுகிறதே! சாதாரண நாளில் அவ்வளவு கேட்கவில்லை. கால் மணிக்கு ஒரு ரயில் வந்தால் போதும்.

போக்குவரத்து அமைச்சும் மாநகர் மன்றமும் கேடிஎம், பிரசரானா இரண்டையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, செந்தூலின் நிலையங்களுக்கு இடையே கூரையுள்ள நடைபாதையும், ரயில் வரும் நேரத்துக்கு ஒத்துப்போகும் இணைப்புப் பேருந்தும் தரவேண்டும். மாதப் பயண அட்டையில் கம்யூட்டரையும் சேர்க்க வேண்டும். வட்டத் தடத்தின் சந்திப்பு நிலையங்கள் ஒவ்வொன்றிலும், ஒரு நடைமேடையிலிருந்து மற்றதற்கு மழையில் நனையாமல், மீண்டும் அட்டையைத் தட்டாமல் எத்தனை நிமிடத்தில் போகலாம் என்பதைக் கட்டுமான ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகர்,
கோலாலம்பூர்