தொட்டால் எரியும் விளக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பத்தா கட்டிலில் மாட்டியிருக்கும் விளக்கு மாதிரி உன் ரூமுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டாய். செய்து கூரியரில் போட்டுவிடலாம். ஆனால் நீயே செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஈயம் வைக்க உனக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தெரியும். சாமான் எல்லாம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலேயே கிடைக்கும்.

அப்பத்தாவுக்கு விரல் மூட்டு வீங்கி, சுவிட்சை அழுத்தினாலே வலி. அதனால்தான் டச் வைத்தேன். நான் தொழில் பழகிய நாளில் இரண்டு கம்பி முனையை விரலால் இணைத்து, தோல் வழியாகப் போகிற துளி கரண்டில் டிரான்சிஸ்டரை எழுப்புவோம். காய்ந்த தோலில் அது எடுக்காது. இப்போது டிடிபி223 என்று நகம் அளவு சிப் வைத்த போர்டு வருகிறது, அதையே வாங்கு. விரல் பக்கத்தில் வந்ததும் அதிலுள்ள தகட்டின் மின்தேக்குத் திறன் கொஞ்சம் கூடும், சிப் அதைக் கண்டுபிடித்துவிடும். கம்பியைத் தொடவே வேண்டாம். பிளாஸ்டிக் டப்பா மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டு வெளியே தொட்டாலும் வேலை செய்யும். எவர்சில்வர் டப்பா மட்டும் கூடாது, உலோகம் நடுவில் வந்தால் விரல் அதற்குத் தெரியாது.

வாங்கி வந்ததும் போர்டில் ஏ, பி என்று இரண்டு இடம் திறந்திருக்கும். பி-யை ஈயத்தால் சேர்த்துவிடு. அப்போதுதான் ஒரு தொடலில் எரிந்து, மறு தொடலில் அணையும். சேர்க்காவிட்டால் கை வைத்திருக்கும் வரைதான் எரியும். பேட்டரி செல் போட்டவுடன் ஒரு நொடி மூடியைத் தொடாதே, அந்த நேரத்தில்தான் சிப் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

அந்தச் சிப்பால் சில மில்லிஆம்பியர்தான் கொடுக்க முடியும். எல்இடியை நேராக அதில் மாட்டாமல் நடுவில் பிசி547 என்ற டிரான்சிஸ்டர் ஒன்று போடு. தட்டைப் பக்கம் உன்னைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் அதன் மூன்று கால்களும் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். சிப்பின் அவுட்புட்டிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக பேஸ். எமிட்டர் மைனஸுக்கு. பிளஸ்ஸிலிருந்து 100 ஓம் ரெசிஸ்டர், அப்புறம் எல்இடியின் நீளக் கால். குட்டைக் கால் கலெக்டருக்கு. சிப்புக்கும் பிளஸ், மைனஸ் கொடுக்க மறக்காதே.

செல் மூன்று, ஏஏ சைஸ். வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் கிட்ட வேண்டும், இரண்டு செல்லில் அது முக்கும். நான்கு போட்டால் 6 வோல்ட் ஆகிவிடும், சிப்பு தாங்குவதோ 5.5 வரைதான். 4.5 வோல்ட்டில் எல்இடிக்கு 3 போக மீதி ஒன்றரை, அதை நூறு ஓமால் வகுத்தால் 15 மில்லிஆம்பியர். நல்ல ஆல்கலைன் செல்லில் நூறு மணி நேரத்துக்கு மேல் எரியும். படுக்கைக்கு அவ்வளவு வெளிச்சம் தேவையில்லை என்றால் 330 ஓம் போடு, செல் இன்னும் நாள் பிடிக்கும். அணைந்திருக்கும்போது சிப் குடிப்பது சில மைக்ரோஆம்பியர்தான், அதனால் தனி சுவிட்ச் வேண்டாம்.

எல்இடி வாங்கும்போது வார்ம் ஒயிட் என்று கேட்டு வாங்கு, அது நீலம் குறைந்த, மஞ்சள் சாய்ந்த வெள்ளை. வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீல எல்இடிதான், மேலே பூசிய பாஸ்பர் என்ற மஞ்சள் பொடிதான் அதை வெள்ளையாகக் காட்டுகிறது. சிவப்பு 1962-லேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு எத்தனையோ வருஷம் பாடுபட்டார்கள். அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் கொடுத்தது அதற்காகத்தான். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை. ஆனாலும் ராத்திரியில் நீலம் அதிகமான வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும். நீ ஏற்கெனவே சரியாகத் தூங்குவதில்லை என்று அம்மா சொன்னாள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பழைய போனிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரியை இதில் போடாதே. உப்பியதோ நசுங்கியதோ தீப்பிடிக்கும், நீ தலைமாட்டில் வைத்துத் தூங்கப்போகிற சாமான் இது. கடையில் கிடைக்கும் சாதா செல்லே போதும்.

ரெசிஸ்டரை அதன் மேலுள்ள நிறக் கோடுகளை வைத்து அடையாளம் காணலாம்: 100 ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, பழுப்பு. 10 கிலோ ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. செல் போடுவதற்கு முன் இணைப்பைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா