ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கும் நான்கு வீடுகள்

ஸ்டவாங்கர், நோர்வே

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். தொலைபேசியில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை என்பதால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் நான்கு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, படலை திறக்க ஆளில்லை என்று எழுதியிருந்தீர்கள். கீழே, "உங்கள் தலைமுறைக்கு மண்ணில் பற்றில்லை" என்று ஒரு வரி. அந்த வரியோடுதான் மூன்று நாளாக வேலைக்குப் போய் வருகிறேன்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தொண்ணூறைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய மேசை இலாச்சியில் ஒரு கட்டுக் கடிதங்கள். அமெரிக்காவுக்குப் போன அவருடைய பாட்டியின் தங்கை எழுதியவை. அக்காலத்தில் அப்படி ஒரு கடிதம் வந்தால் ஊர் கூடியிருந்து வாசிக்குமாம். நிலம் இருக்கிறது, வாருங்கள் என்று ஒருத்தி எழுதினால், பனி உருகியதும் இன்னும் இரண்டு குடும்பம் பெட்டி கட்டும். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நம் ஒழுங்கைதான் கண்ணில் நின்றது.

பணக்கார நாடு என்று நீங்கள் சொல்லும் இதே நோர்வேயிலிருந்து, 1825 தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் எட்டு இலட்சம் பேர் அமெரிக்காவுக்குப் போனார்கள், அப்பா. தொடக்கத்தில் நாட்டின் சனத்தொகையே பத்து இலட்சமளவுதான். இங்கே மலையும் பாறையும் போக, உழக்கூடிய நிலம் நூற்றுக்கு மூன்று பங்கு. நம் ஊரில் சீதனமும் முதுசமும் கொடுத்துக் கொடுத்துக் காணி பரப்புப் பரப்பாகத் துண்டுபட்டது. இங்கே பண்ணையைத் துண்டாடாமல் மூத்த பிள்ளைக்கே கொடுத்தார்கள். இளையவர்கள் பிறர் நிலத்தில் குடியிருந்து உழைத்தார்கள். வழக்கம் நேரெதிர், முடிவு ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு நிலம் போதவில்லை.

முதற்கப்பல் இந்த ஸ்டவாங்கர் துறையிலிருந்துதான் புறப்பட்டது. சிறிய பாய்க்கப்பல், 52 பேர். மத நம்பிக்கைக்காக நெருக்கடிப்பட்டவர்கள் அவர்களில் பலர். நடுக்கடலில் ஒரு குழந்தையும் பிறந்தது. நியூயோர்க்கில் இறங்கியதும், அந்த அளவுக் கப்பலில் இத்தனை பேரை ஏற்றியது குற்றம் என்று கப்பலைப் பிடித்தார்கள். ஜனாதிபதி ஜோன் குவின்சி அடம்ஸ் மன்னித்த பிறகே விட்டார்கள். 2025 ஜூலை 4ஆம் திகதி, இருநூறாம் ஆண்டு நினைவாக, அதே வடிவில் கட்டிய கப்பல் இங்கிருந்து நியூயோர்க்குக்குப் புறப்பட்டது. துறைமுகம் நிறைந்த சனம் கையசைத்தது. மகளோடு நானும் நின்றேன். 1986இல் அகதிகளாகப் போய், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நம்மவர் 155 பேரை நினைத்தேன். கண்ணீரை அடக்க முடியவில்லை. அவர்களை மீனவர்கள் கண்டுதான் கரைசேர்த்தார்கள்.

1969இல் இங்கே கடலுக்கடியில் பெரிய எண்ணெய் வயல் அகப்பட்டது. சனத்தை வெளியே அனுப்பிய நாட்டுக்கு இப்போது வெளியிலிருந்து ஆள் வேண்டியிருக்கிறது. வடக்கே பின்மார்க்கில், குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழாத ஊர்களில், மீன் ஆலைகளில் நின்று மீன் வெட்டியவர்களில் நம் பெடியன்களும் இருந்தார்கள். அவர்கள் வெட்டிய மீனும் இந்த நாட்டின் செல்வம்தான். அதை யாராவது இவர்களுக்கு உரத்துச் சொல்ல வேண்டும்.

அப்பா, பற்றில்லாமலா நம் பூட்டன் மலாயா ரயில்வேக்குப் போனார்? வட்டுக்கோட்டையில் ஆங்கிலக் கல்வி தந்த மிஷனரிமாரின் செமினரி தொடங்கியது 1823இல். பிறகு பள்ளிகள் பெருகின. ஆங்கிலம் படித்தவர்களுக்கு ஊரில் உத்தியோகம் இல்லை, மலாயாவில் இருந்தது. மாதாமாதம் வந்த அந்தக் காசில்தான் நீங்கள் இருக்கும் கல்வீடு எழும்பியது. அவர் போனது வேலைக்கு. 1983க்குப் பின் போனவர்கள் உயிரோடு இருப்பதற்காகப் போனார்கள். இரண்டையும் ஒரே சொல்லால் "போய்விட்டார்கள்" என்று எழுதாதீர்கள்.

ஆனால் உங்கள் கவலை பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்கா போன நோர்வேக்காரரின் பேரப்பிள்ளைகளில் பலருக்குப் பாட்டியின் மொழி வரவில்லை. அந்தத் தங்கை வழியினரிடமிருந்து முதியோர் இல்லத்து அம்மாவுக்கு வந்த கடைசிக் கடிதங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன; ஒரு வரியும் அவருக்கு விளங்கவில்லை, நான்தான் வாசித்துச் சொன்னேன். சனிக்கிழமை தோறும் மகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறேன். நான் தமிழில் கேட்கிறேன், அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்கிறாள். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

பெட்டகத்தில் பூட்டன் மலாயாவிலிருந்து எழுதிய கடிதங்கள் இருக்கின்றன அல்லவா? மாரி தொடங்குவதற்கு முன் வெளியே எடுத்து, கறையான் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சித்திரையில் நாங்கள் வரும்போது திண்ணையில் வைத்து மகளுக்கு நீங்களே வாசித்துக் காட்ட வேண்டும். விளங்காத சொல்லை அவள் உங்களிடமே கேட்கட்டும்.

அன்பு மகள்