மர நிழலை அளந்து காட்டைத் தீர்மானிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வனப் பாதுகாப்புச் சட்டம் எந்த நிலத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பது இனி மாநில அரசுகள் தயாரிக்கும் ஒரு பட்டியலைப் பொறுத்தது. அதில் எந்தப் புல எண்கள் ஏறும், எவை விடுபடும் என்பது தமிழகத்தில் பேசப்படவே இல்லை. அதனால் இக்கடிதம்.

1980 அக்டோபர் 25 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், மத்திய அரசின் முன் அனுமதியின்றி வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்குத் தரக் கூடாது என்கிறது. 'வனநிலம்' எது என்ற கேள்விக்குப் பதில் பிறந்தது நம் நீலகிரிக் கூடலூரில். அங்குள்ள ஜென்மம் காடுகளில் (பரம்பரை நிலவுடைமையாளர்களிடம் இருந்த காடுகள்) நடந்த மரவெட்டை எதிர்த்து 1995-இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இது: அகராதிப் பொருளில் எது காடோ அது காடு, நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நிலங்களைக் கண்டறிய மாநிலந்தோறும் நிபுணர் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

2023 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ள திருத்தம் இதைச் சுருக்கிவிட்டது. சட்டப்படி வனமாக அறிவிக்கப்பட்ட நிலம், 1980 அக்டோபர் 25 அன்றோ அதற்குப் பிறகோ அரசுப் பதிவேடுகளில் வனம் என்று பதிவான நிலம், இவை இரண்டுக்கு மட்டுமே சட்டம் பொருந்தும். பதிவில் தரிசு, புறம்போக்கு என்றிருந்து மண்ணில் காடாக இருப்பவை அந்தரத்தில் தொங்குகின்றன. பட்டியல் முடியும்வரை 1996 தீர்ப்பின் பொருளையே பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்தது. நிபுணர் குழுவை ஒரு மாதத்துக்குள் அமைத்து ஆறு மாதத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும், தவறினால் தலைமைச் செயலாளரே பொறுப்பு என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியது.

காடு என்று எழுத என்ன அளவுகோல் என்பதில்தான் சிக்கல். ஹரியானா அரசு 2025 ஆகஸ்டில் ஒன்றை அறிவித்தது. தனித்து நிற்கும் நிலம் என்றால் குறைந்தது 5 ஹெக்டேர், அறிவிக்கப்பட்ட வனத்தை ஒட்டியிருந்தால் 2 ஹெக்டேர். அதோடு, மேலிருந்து பார்த்தால் தரையில் 40 சதவீதத்தை மரக்கிளைகள் மறைத்திருக்க வேண்டும். ஆரவல்லி மலைப் புதர்க்காடுகளில் பெரும்பகுதி இந்தச் சல்லடையில் நிற்காது. இதையே தமிழகம் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

வரையாடு நம் மாநில விலங்கு. அது மேய்வது மலையுச்சிப் புல்வெளியில். அங்கே மர நிழல் கிடையாது. சீகூர், மாயாறு பக்கத்து முட்காடுகளில் கழுதைப்புலியும் வெளிமானும் பாறுக் கழுகும் வாழ்கின்றன. அங்கும் மரங்கள் விட்டுவிட்டுத்தான் நிற்கும். கடலோர மாவட்டங்களில் வீரையும் உலக்கைப்பாலையும் காசாவும் தழைத்த கோயில்காடுகள் பல ஒன்றிரண்டு ஹெக்டேரைத் தாண்டாதவை. பரப்பு விதியிலேயே அவை வெளியேறிவிடும். அதேசமயம் கண்மாயை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலம் 40 சதவீதத்தை எளிதாக எட்டும்! இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 'வனப்பரப்பு' கணக்கிலும் இதே கோணல் உண்டு: ஒரு ஹெக்டேருக்குக் குறையாமல், 10 சதவீதத்துக்கு மேல் மர நிழல் இருந்தால் தென்னந்தோப்பும் அதில் சேரும், புல்வெளி சேராது. மர நிழல் ஒரு துணைக்குறிப்பாக இருக்கட்டும். இயல்தாவரமும் காட்டுயிர் நடமாட்டமும் நீர்ப்பிடிப்பும்தான் தீர்மானிக்க வேண்டும்.

படம் எடுத்த மாதமும் முக்கியம். இலையுதிர்க் காடுகள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மொட்டையாக நிற்கும். அந்த மாதச் செயற்கைக்கோள் படத்தில் அவை திறந்த நிலமாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய படத்தையும் வைத்து ஒப்பிட்டு, சந்தேகம் உள்ள இடங்களை நேரில் நடந்து பார்க்காமல் எதையும் நீக்கக் கூடாது.

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு, 'அ' பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) உள்ள வகைப்பாடு, எல்லைப் புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை வேண்டும். 'இன்ன மலையடிவாரம், சுமார் 40 ஏக்கர்' என்று எழுதினால் வழக்கு மன்றத்தில் முதல் வாய்தாவுக்கே தாங்காது. வருவாய்த் துறை அளவையும் வனத்துறை அளவையும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. வனத்துறையின் எல்லைக் கற்குவியல் ஓரிடத்தில், புலப்படத்தின் கோடு வேறிடத்தில். 1979-87 காலத்து யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பதிவுகளில் நேர்ந்த பிழைகளும் அப்படியே நீள்கின்றன. ஆகவே இரு துறை நில அளவையரும் சேர்ந்து அளந்து, ஒரே படத்தில் கையொப்பமிட வேண்டும்.

இன்னொரு பாக்கியும் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அறிவிக்கை, காப்புக்காடு ஆக்கப்போகிறோம் என்ற எண்ணத்தை மட்டுமே தெரிவிப்பது. அதன்பின் வன நிர்ணய அலுவலர் பிரகடனம் செய்து, உரிமை கோருவோருக்குக் குறைந்தது மூன்று மாதம் தந்து, விசாரித்து முடித்த பிறகே 16-ஆம் பிரிவின் கீழ் காப்புக்காடு பிறக்கும். இடையிலேயே கிடக்கும் கோப்புகளால் காட்டுக்கும் நட்டம், உரிமை தீராமல் நிற்கும் குடும்பங்களுக்கும் நட்டம். கூடலூர் மக்களைக் கேட்டால் தெரியும், 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 'பிரிவு 17 நிலம்' (ஜென்மிகளிடம் குத்தகைக்கு எடுத்திருந்த, உரிமை முடிவாகாத நிலம்) என்ற இழுபறி என்னவென்று.

பட்டியல் என்றதும் பழங்குடியினர் வெளியேற்றத்தை நினைத்து அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம் வகைப்படுத்தப்படாத காட்டையும் வனநிலம் என்றே கொள்கிறது. உரிமைகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. பட்டியலில் ஏறுவதால் அந்த உரிமை போய்விடாது என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கும்.

(1980 சட்டத்தை மீறினால் தண்டனை, அதிகபட்சம் 15 நாள் வெறுங்காவல். குவாரிக்காரர்களை இது எவ்வளவு மிரட்டும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.)

வரைவுப் பட்டியலைத் தமிழில், கிராம வாரியாக, ஊராட்சி அலுவலகத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். ஆட்சேபம் சொல்லவும் விடுபட்ட நிலத்தைச் சேர்க்கக் கேட்கவும் 60 நாள் தர வேண்டும். கிராமசபையில் வாசித்த பிறகே இறுதி செய்ய வேண்டும். தமிழக அரசு அளவுகோலை முடிவு செய்வதற்கு முன் அந்த வரைவையும் வெளியிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நீலகிரி மாவட்டம்