மணி அடித்தால் எத்தனை பேர் வருவார்கள்?

அன்புள்ள முருகேசா,

மூட்டுவலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று மட்டும் எழுதவே இல்லையே! இங்கே எல்லோரும் நலம். பனி இப்போதுதான் உருகத் தொடங்கியிருக்கிறது.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். முப்பது வருஷம் தீயணைப்பு நிலையத்தில் இருந்தவன் நீ. எங்கள் கவுண்டியின் தீயணைப்பு, மீட்புப் பணி எப்படி நடக்கிறது என்று மதிப்பிட்டுச் சொல்ல வெளியிலிருந்து ஆலோசகர்களை அமர்த்தப் போகிறார்கள். கவுண்டி என்றால் கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி. யாரை அமர்த்துவது என்று பார்க்கும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள்.

விண்ணப்பங்களில் பட்டங்களுக்குக் குறைவில்லை. ஒருவர் மேரிலாந்தின் எமிட்ஸ்பர்க்கில் உள்ள தேசியத் தீயணைப்பு அகாடமியில் 'எக்ஸிகியூட்டிவ் ஃபயர் ஆபிசர்' பயிற்சியை முடித்தவர். இன்னொருவர் 'சீஃப் ஃபயர் ஆபிசர்' சான்று பெற்றவர். இரண்டும் உழைத்து வாங்குபவை, மதிக்கிறேன். ஆனால் இருவருமே பெருநகரத்தில், சம்பள வீரர்களோடு மட்டுமே வேலை பார்த்தவர்கள். எங்களுக்குப் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். ஹைட்ரன்ட் (தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் சாலையோரக் குழாய்) இல்லாத சாலைகளுக்குத் தண்ணீரையும் லாரியில்தான் கொண்டுபோக வேண்டும்.

அதனால் அளவுகோலே வேறு. சம்பளத் துறைக்கு, என்எஃப்பிஏ என்ற தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 1710 என்ற தரம்: முதல் வண்டி கிளம்பி 4 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். தன்னார்வலர் துறைக்கு 1720: கிராமப்புறம் என்றால் 14 நிமிடத்தில் 6 பேர், பத்துக்கு எட்டு முறையாவது. முதலாவதை வைத்து எங்களை அளந்தால் எல்லா நிலையமும் தோற்றதாகத்தான் வரும். புது நிலையம் கட்டுங்கள் என்பார்கள். அதற்கு ஆள் எங்கே?

போன வாரம் ஒரு நிலையத்துக்குப் போயிருந்தேன். பூட்ஸின்மேல் கால்சட்டையைச் சுருட்டி இறக்கி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். காலை உள்ளே விட்டு மேலே இழுத்தால் போதும். பதினோரு ஜோடி இருந்தன. வேலைநாள் பகலில் மணி அடித்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டேன். "ரெண்டு பேர், சில நாள் மூணு" என்றார் கேப்டன். நான்கு பேர் குழு, இரண்டு பேர் குழுவைவிட வீட்டுத் தீயில் வேலைகளை ஏறக்குறைய 30 சதவீதம் வேகமாக முடிக்கிறது என்று 2010-இல் என்ஐஎஸ்டி என்ற அமெரிக்க அரசு ஆய்வு நிறுவனம் சோதித்துக் காட்டியிருக்கிறது. அன்று இரவு எனக்கு அந்தப் பதினோரு ஜோடிதான் கண்ணுக்குள் நின்றது.

சில வருஷத்துக்கு முன் இங்கே வந்த ஒரு மதிப்பீட்டில் வேறு கவுண்டியின் பெயரே ஓரிடத்தில் அப்படியே இருந்தது. நேரத்துக்குச் சராசரி மட்டும் போட்டிருந்தார்கள். பகல் இரண்டு மணிக்கு வண்டிக்காகக் காத்து நின்றவர் அந்தச் சராசரியில் எங்கே தெரிவார்? அழைப்புப் பதிவுகளை மணிவாரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை நேர்காணல். தன்னார்வலர் துறையை நடத்தியிருக்கிறீர்களா, விண்ணப்பத்தில் பெயர் உள்ளவரே நிலையங்களுக்கு வருவாரா, எங்களுக்கு வண்டி விற்கும் யாரோடாவது தொழில் தொடர்பு உண்டா என்று கேட்கப்போகிறேன். நீயாக இருந்தால் முதலில் என்ன கேட்பாய்? அதற்குள் வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி போடு. அப்புறம், பேத்தியின் படமும்.

அன்புடன்,
சேகர்